அப்பாவின் ட்யூப் மட்டமும் என் நாட்டா தேர்வும்

2024 ஏப்ரலில், கட்டடக்கலைப் படிப்பில் சேர்வதற்கான நாட்டா நுழைவுத்தேர்வை முதல்முறை எழுதியபோது, நான் செய்து நிறுத்திய முப்பரிமாண மாதிரி என் கண் முன்னாலேயே சாய்ந்து விழுந்தது. நேரம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை நிறுத்துவதற்குள் கையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்த மாதிரி விழுந்ததற்குக் காரணம் அந்த நான்கு நிமிடம் அல்ல. அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள்தான் காரணம். இப்போது பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் பள்ளியிலிருந்து தம்பி தங்கைகள் சிலர் இந்தத் தேர்வைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட, நடந்ததை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு கட்டும் கொத்தனார் என் அப்பா. வீட்டில் கரண்டி, மணியாசுக்கட்டை, தூக்குக்குண்டு, மூலைமட்டம் எல்லாம் கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கில் எப்போதும் இருக்கும். கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "அதுதானே ஆத்தா நான் செய்கிற வேலை" என்றார் அப்பா. அதற்குத் தனியாக ஒரு நுழைவுத்தேர்வு இருக்கிறது, அதில் படம் வரையச் சொல்வார்கள் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

தேர்வைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்க்கிடெக்சர் கவுன்சில் 2006 முதல் நடத்திவரும் திறனறித் தேர்வு இது. நான் எழுதிய ஆண்டில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் 80 கையால் வரைவதற்கும் செய்வதற்கும், 120 கணினியில் பதிலளிப்பதற்கும். இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரம் வீதம் மூன்று மணி நேரம். வரைதல் பகுதியில் மூன்று கேள்விகள்: வண்ண அமைப்பு 25, கறுப்பு வெள்ளையில் காட்சி வரைவது 25, கொடுக்கப்படும் பொருட்களை வைத்து முப்பரிமாண மாதிரி செய்வது 30. அந்த ஆண்டில் மூன்று முறை வரை எழுத முடிந்தது, அதில் சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

என் முதல் தவறு இங்கேயே தொடங்கியது. எனக்கு முந்தைய ஆண்டு எழுதிய அக்கா ஒருவரிடமிருந்து குறிப்புகளையும் பயிற்சித் தாள்களையும் வாங்கிவந்து, பொதுத்தேர்வுக்கு நடுவிலும் அவற்றையே படித்துக்கொண்டிருந்தேன். 2021 முதல் 2023 வரை இந்தத் தேர்வில் கையால் வரையும் பகுதியே கிடையாது, எல்லாம் கணினியில் பதிலளிப்பதுதான். 2024இல் வரைதல் திரும்ப வந்துவிட்டது. அக்காவின் குறிப்புகளில் ஒரு கோடுகூட வரையச் சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அந்தந்த ஆண்டுக்கான தகவல் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள். இப்போது நான் எழுதும் மதிப்பெண் பிரிப்பையும் அப்படியே நம்பிவிடாமல் அதில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்தெந்த வரைபொருட்களைக் கொண்டுபோகலாம் என்பதும் அதில்தான் இருக்கும்.

பொதுத்தேர்வு மார்ச் 22ஆம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகு அவசர அவசரமாக ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அங்கே நாற்பது படங்கள் வைத்திருந்தார்கள். ரயில் நிலையம், கடற்கரை, காய்கறிச் சந்தை, திருவிழா, மழை நாளில் சாலை என்று நாற்பது காட்சிகள். அவற்றைத் திரும்பத் திரும்ப வரைந்து மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தேர்வில் எது கேட்டாலும் இந்த நாற்பதில் ஒன்றைக் கொஞ்சம் மாற்றி வரைந்துவிடலாம் என்றார்கள். நானும் நம்பினேன். கண்ணை மூடிக்கொண்டு ரயில் நிலையம் வரையும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

தேர்வில் கேட்டது அந்த நாற்பதில் இல்லை. அதைவிட மோசம், கேட்டதை வேறோர் உயரத்திலிருந்து பார்ப்பதுபோல வரையச் சொல்லியிருந்தார்கள். என் கைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே கோணம். தரையில் நிற்கும் மனிதர்களை அப்படியே வரைந்து, பின்னால் கட்டடத்தை மட்டும் மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து வைத்தேன். இப்போது அதை நினைத்தாலும் மனம் சங்கடப்படுகிறது. வண்ணப் படத்துக்கு ஐம்பது நிமிடம், இந்தக் காட்சிக்கு இருபத்தைந்து நிமிடம். முப்பது மதிப்பெண் மாதிரிக்கு மிஞ்சியது பதினைந்து நிமிடம். 200க்கு 94 வந்தது.

இரண்டாம் முறைக்கு ஏழு வாரம் இருந்தது. பயிற்சி வகுப்புக்கு மேலும் பணம் கட்ட வீட்டில் வழியில்லை. பகலில் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று, பள்ளத்தூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்த ஒரு வேலைக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். சுவர் எழும்பி, பூச்சு வேலைக்கு முன்பு மட்டம் குறிக்கும் நாள் அது. கையாள் வராததால் ட்யூபின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

ட்யூப் மட்டம் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் தட்டி வெளியேற்றிவிட்டு, இரண்டு பேர் இரு முனையையும் பிடித்துக்கொள்வார்கள். ஒரு சுவரில் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் அப்பா ஒரு குறி போட்டார். அவர் பக்கத் தண்ணீர் அந்தக் குறியில் நிற்கும்போது என் பக்கத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அங்கே நான் பென்சிலால் கோடு போட வேண்டும். இப்படி அறை முழுவதும் மூலைக்கு மூலை குறித்துவிட்டு, நீலப் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால், நான்கு சுவரையும் சுற்றி ஒரே மட்டத்தில் ஒரு நீலக் கோடு விழுந்துவிடும்.

வேலை முடிந்து வாசற்படியில் நின்று பார்த்தேன். எதிர்ச் சுவரில் கோடு படுக்கையாக இருந்தது. பக்கவாட்டுச் சுவர்களில் அது என் பக்கம் தாழ்ந்தும், தூரத்து மூலையை நோக்கி உயர்ந்தும் போனது. மெதுவாகக் குனிந்தேன். சாய்வு குறைந்துகொண்டே வந்தது. என் கண் சரியாக நான்கடி உயரத்துக்கு வந்தபோது, மூன்று சுவரிலும் இருந்த கோடு மூலைகளில் மடங்காமல் ஒரே நேர்கோடாகிவிட்டது. இன்னும் கீழே உட்கார்ந்தேன். இப்போது பக்கவாட்டுக் கோடுகள் தூரத்து மூலையை நோக்கித் தாழ்ந்தன. எழுந்தேன், குனிந்தேன், உட்கார்ந்தேன். அதைப் பார்த்த அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மட்டம் சரியில்லையா ஆத்தா?" என்று கேட்டு, ட்யூபை எடுத்து இரண்டு மூலைகளை மறுபடி சோதித்தார்.

பெர்ஸ்பெக்டிவ் என்று வகுப்பில் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தது அந்த ஐந்து நிமிடத்தில் எனக்குள் இறங்கியது. நம் கண் இருக்கும் உயரம்தான் படத்தின் தொடுவானக் கோடு. அதற்கு மேலே இருக்கும் படுக்கைக் கோடுகள் தூரம் போகப் போக இறங்கிவரும். கீழே இருப்பவை ஏறிவரும். கண்மட்டத்தில் இருப்பது அசையாது. எந்த உயரத்திலிருந்து வரையச் சொன்னாலும், முதலில் தாளில் கண்மட்டத்தை ஒரு மெல்லிய கோடாகப் போட்டுவிட்டால் மீதி எல்லாம் அதற்குக் கட்டுப்படும்.

அதே வாரம் காரைக்குடி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து இன்னொன்றைச் சோதித்தேன். சமதரையில் நின்று பார்க்கும்போது, என் உயரமே உள்ளவர்கள் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அவர்களின் கண்கள் எல்லாம் ஒரே கோட்டில்தான் வருகின்றன. தூரம் போகப் போக மேலேறுவது அவர்களின் கால்தான். குழந்தைகளின் தலை கோட்டுக்குக் கீழே இருக்கும். மாடியில் ஏறிப் பார்த்தால் கோடு எல்லார் தலைக்கும் மேலே போய்விடும். கூட்டத்தை வரையத் தெரியாமல் நான் பட்ட பாடு அன்றோடு தீர்ந்தது. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு பஸ் நிலையமும் அதற்கு எதிரே ஒரு மாடியும் இருக்கும். இரண்டிலிருந்தும் ஒரே காட்சியை வரைந்து பாருங்கள். நாற்பது படங்களைவிட இந்த இரண்டு படங்கள் அதிகம் கற்றுத்தரும்.

அப்பாவிடமிருந்து கிடைத்த இன்னொரு சொத்து அளவுகள். நான் வரைந்த ஒரு வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வாசலில் யார் நுழைவது, பூனையா?" என்று கேட்டார். உண்மைதான், பக்கத்தில் நான் வரைந்த மனிதரின் தோள்வரைதான் கதவு இருந்தது. அன்று இரவு அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கதவின் உயரம் ஏழடி, அதன் தலைமட்டத்தில்தான் ஜன்னலின் தலைமட்டமும். ஜன்னல் அடிமட்டம் மூன்றடி. மாடிக் கைப்பிடிச் சுவர் மூன்றடி அல்லது கொஞ்சம் கூட. படி ஆறு அங்குலம் உயரம், கால் வைக்கப் பத்து அங்குலத்துக்குக் குறையக்கூடாது. நாற்காலியும் டீக்கடை பெஞ்சும் ஒன்றரை அடி. சுவர் ஒன்பது அங்குலம். பட்டியலை மேஜைக்கு மேலே ஒட்டிவைத்தேன், ஆனால் மனதில் பதிந்தது அதைப் பார்த்ததால் அல்ல. டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டிலும் அப்பத்தா வீட்டிலும் ஒவ்வொன்றாக நானே அளந்ததால்தான். படத்தில் ஒரு மனிதரைச் சரியான அளவில் நிறுத்திவிட்டால், பக்கத்தில் இருப்பதெல்லாம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

வண்ணத்துக்கு ஆத்தங்குடி போனேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர், தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதற்குப் பெயர் பெற்றது. ஒரு பட்டறையில் ஓரமாக நின்று பார்க்க அனுமதித்தார்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மட்டும் அலுங்காமல் மேலே தூக்கிவிட, நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் கலக்காமல் நிற்கின்றன. அதன் மேல் மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, உலரவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

அங்கே அடுக்கியிருந்த கற்களைப் பார்த்தபோதுதான், ஒரு கல்லில் மூன்று நான்கு நிறங்களுக்கு மேல் இல்லை என்பதைக் கவனித்தேன். ஒரு நிறம் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று அதற்கு அடுத்த இடம். மூன்றாவது, பொட்டு வைத்ததுபோல ஓரிரு இடங்களில் மட்டும். நான் முதல் தேர்வில் பெட்டியில் இருந்த பன்னிரண்டு நிறத்தையும் பயன்படுத்தியிருந்தேன். அன்றிலிருந்து வண்ணப் பயிற்சிக்கு மூன்று பென்சிலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன், தாளின் வெண்மையை நான்காவதாக வைத்துக்கொண்டேன். வேகமும் கூடியது. நிறம் தேடும் நேரம் மிச்சமானதே அதற்குக் காரணம்.

கணினிப் பகுதியைப் பற்றி எனக்கு அவ்வளவு சொல்ல இல்லை. கணக்கு, தர்க்கம், உருவங்களைத் திருப்பிப் பார்ப்பது, கட்டடங்களைப் பற்றிய பொது அறிவு, வாசித்துப் புரிந்துகொள்வது என்று கலந்து வரும். நாம் சொல்லும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும் என்பதால், ஒன்றை விட்டுவிட்டுப் பிறகு வரலாம் என்ற பழக்கத்தை மறந்துவிட வேண்டும். உருவங்களை மனதில் வெட்டிப் பார்க்கும் கேள்விகளுக்கு அம்மாவின் அரிவாள்மனைதான் என் பயிற்சிக் களம். பாகற்காயைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும், நெடுக வெட்டினால் எப்படி, சாய்த்து வெட்டினால் எப்படி என்று முதலில் வரைந்துவிடுவேன், பிறகு அம்மா வெட்டுவார். வாழைப்பூவில் ஒரு தடவைகூடச் சரியாக வரையவில்லை.

பொது அறிவுக்குப் பெயர்களை உருப்போடுவது எனக்கு ஒட்டவே இல்லை. சண்டிகரைத் திட்டமிட்டவர் லெ கார்புசியே, கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் பி. வி. தோஷி, அது 2018இல் என்று எழுதி எழுதி மறந்தேன். லாரி பேக்கரைப் படித்த அன்று மட்டும் வேறு மாதிரி நடந்தது. கேரளத்தில் செலவு குறைந்த வீடுகள் கட்டியவர் அவர் என்றும், எலிப்பொறிக் கட்டு என்ற முறையைப் பரவலாக்கினார் என்றும் படித்துவிட்டுப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் வாசலில் கிடந்த பழைய செங்கற்களைக் கொண்டுவந்து, கலவை இல்லாமல் அடுக்கிக் காட்டினார். கல்லைப் படுக்கவைக்காமல், மூன்றங்குலப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, இரண்டு கல்லுக்கு நடுவே மூன்றங்குலம் இடைவெளி விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அதே ஒன்பதங்குலச் சுவர்தான், உள்ளே வெறும் காற்று. "கால்வாசிக் கல் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. ஆனால் மூலையில் கவனமாகக் கட்ட வேண்டும்" என்றார். அந்தப் பாடம் எனக்கு இனி எப்போதும் மறக்காது. உங்கள் ஊரில் இருக்கும் ஒரு பழைய வீட்டை முழுதாகப் புரிந்துகொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டில் வளவு என்ற நடுமுற்றம் ஏன் வானத்துக்குத் திறந்திருக்கிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது, சூடான காற்று எப்படி வெளியேறுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, தட்பவெப்பத்துக்கேற்ற கட்டடம் பற்றிய கேள்விகள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

மாதிரி செய்வதற்கு வருகிறேன். தேர்வில் என்ன பொருள் கொடுப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. எனவே வீட்டில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகை அட்டை, தீக்குச்சி, நூல், பழைய காலண்டர். ஒட்டுவதற்குப் பசை இல்லை என்று வைத்துக்கொண்டுதான் பயிற்சி செய்தேன். தட்டையான தாள் நிற்காது. அதையே விசிறிபோல மடித்தால் நிற்கும், மேலே ஒரு டம்ளரையும் தாங்கும். அலையலையாக இருக்கும் கூரைத் தகடு வளையாமல் இருப்பதும் இதனால்தான் என்று அப்பா சொன்னார். இரண்டு அட்டைகளில் பாதி உயரத்துக்குப் பிளவு வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால், எந்தப் பக்கமும் சாயாது. அடி அகலமாகவும் பாரம் கீழேயும் இருக்க வேண்டும். என் முதல் மாதிரியில் பாரம் முழுவதும் உச்சியில் இருந்தது. தினமும் ஒன்று, அரை மணி நேரத்துக்குள். செய்து முடித்ததும் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவேன். விழுந்தால் அன்றைய மாதிரி கணக்கில் இல்லை.

இதையெல்லாம் செய்யும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வின் தரவரிசை 400க்குக் கணக்கிடப்படுகிறது. பிளஸ் டூ மதிப்பெண் 200க்குக் குறைக்கப்பட்டு, நுழைவுத்தேர்வின் 200உடன் சேர்கிறது. அதாவது 600 மதிப்பெண் பொதுத்தேர்வில் முப்பது மதிப்பெண் கூடினால், அது நாட்டாவில் பத்து மதிப்பெண் கூடியதற்குச் சமம். படம் வரைகிறேன் என்று வேதியியலைக் கைவிட்ட தோழி ஒருத்தி நாட்டாவில் என்னைவிட அதிகம் வாங்கியும் தரவரிசையில் வெகுதூரம் பின்னால் போனாள். திருச்சி என்.ஐ.டி., டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. என்ற மத்திய அரசுக் கட்டடக்கலைக் கல்லூரிகள் போன்ற இடங்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு வழி வேறு, அவர்கள் ஜே.இ.இ. மெயினின் பி.ஆர்க். தாளை எழுத வேண்டும். அதில் கணக்குக்குத் தனி எடை உண்டு. இரண்டையும் எழுத முடிந்தால் எழுதுங்கள், வரைதல் பயிற்சி இரண்டுக்கும் உதவும்.

இரண்டாம் முறை எழுதத் திருச்சிக்கு விடியற்காலை பஸ்ஸில் போனோம். அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உடன் வந்தார். முந்தைய நாளே பென்சில்களைச் சீவி, நிறப் பென்சில்களில் எட்டை மட்டும் எடுத்துவைத்திருந்தேன். வரைதல் பகுதியில் கேள்விகளைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தை நம்பாமல் தாளின் ஓரத்தில் மூன்று எண்களை எழுதிக்கொண்டேன்: 25, 25, 35. மீதி ஐந்து நிமிடம் சுற்றிப் பார்க்க. மாதிரியை முதலில் செய்தேன். மனம் தெளிவாக இருக்கும்போது நிற்க வேண்டியதை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். முடித்ததும் மேஜையை மெதுவாகத் தட்டினேன். பிறகு காட்சிக்கு வந்து, தாளின் குறுக்கே மெல்லியதாகக் கண்மட்டத்தைப் போட்டேன்.

வெளியே வந்தபோது அப்பா எதிர்த்த கடையின் நிழலில் நின்றிருந்தார். கேள்வி எப்படி, எத்தனை வரும் என்றெல்லாம் கேட்கவில்லை. "நின்றதா?" என்று மட்டும் கேட்டார்.

"நின்றதப்பா" என்றேன்.